சொற்களின்றி வாசித்தவர்



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கடைவீதியிலும் வானொலியிலும் ஆலயத்திலும் கிறிஸ்மஸ் பாடல்கள் ஒலிக்கத் தொடங்கிவிடுகின்றன. அவற்றுள் சில, பாடுவோர் எவரும் இல்லாமல் பியானோவிலோ கீபோர்டிலோ மட்டும் வாசிக்கப்படுபவை. வாய் பாடாவிட்டாலும் கேட்பவரின் உள்ளம் அங்கே பாடிக்கொண்டிருக்கிறது. இப்படிச் சொற்களின்றிக் கிறிஸ்மஸ் பாடல்களை வாசித்து, பல கோடி இல்லங்களில் இடம் பிடித்தவர் அமெரிக்க பியானோ கலைஞர் வின்ஸ் குவரால்டி. அவருடைய வாழ்வு, இசை எப்போது ஒலிக்க வேண்டும், எப்போது அமைதி காக்க வேண்டும் என்பதைச் சிந்திக்க நம்மை அழைக்கிறது.

குவரால்டி 1928-ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். இத்தாலியக் குடும்பங்கள் நிறைந்த நார்த் பீச் பகுதியே அவர் வளர்ந்த இடம். சிறுவயதிலேயே பெற்றோர் பிரிந்தனர். தாய் மறுமணம் செய்துகொள்ள, வளர்ப்புத் தந்தையின் குடும்பப் பெயரே அவருடைய பெயராயிற்று. தாய்மாமன்கள் இசைக் கலைஞர்கள். ஆகவே இசை அவருக்கு வீட்டுச் சொத்தாக வந்தது. ஆனால் பியானோ கலைஞருக்கு வேண்டிய பெரிய கைகளும் நீண்ட விரல்களும் அவருக்கு அமையவில்லை. போதாக்குறைக்கு, ஒரு செய்தித்தாள் நிறுவனத்தில் தொழில் பழகியபோது நேர்ந்த விபத்தில் ஒரு விரலையே இழக்கவிருந்தார். கொரியப் போர்க் காலத்தில் இராணுவத்தில் சமையற்காரராகவும் பணி செய்தார். இத்தனைக்கும் பிறகுதான் ஜாஸ் இசைக் குழுக்களில் அவர் பெயர் தெரியத் தொடங்கியது.

1962-இல் ஒரு திரைப்படத்தின் இசையைத் தழுவி அவர் வெளியிட்ட தொகுப்பில், தாமே அமைத்த மெட்டு ஒன்றையும் சேர்த்திருந்தார. அது சிறிய இசைத்தட்டாக வந்தபோது, முக்கியமில்லாதவற்றுக்கு ஒதுக்கப்படும் மறுபக்கத்தில் இடம் பெற்றது. வானொலி அறிவிப்பாளர்களோ தட்டைத் திருப்பிப் போட்டு அதையே ஒலிபரப்பினார்கள். 1963-இல் அதற்கு கிராமி விருது கிடைத்தது. லீ மெண்டல்சன் என்ற தயாரிப்பாளர், டாக்சியில் பயணம் செய்தபோது வானொலியில் அதைக் கேட்டார். அப்போது அவர், சார்லஸ் ஷுல்ஸ் வரைந்துவந்த 'பீனட்ஸ்' சித்திரத் தொடரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு இசையமைக்க குவரால்டியை அழைத்தார். அந்த ஆவணப்படத்தை எந்தத் தொலைக்காட்சியும் வாங்கவில்லை. ஆயினும் அதற்காகப் பிறந்த இசை வீணாகவில்லை.

இதற்கிடையில் வேறொரு பணியும் அவரைத் தேடி வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த கிரேஸ் பேராலயத்தில் நடைபெறும் நற்கருணை வழிபாட்டுக்கு ஜாஸ் இசை அமைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். இரவு விடுதிகளில் வாசிப்பவரின் இசை பேராலயத்துக்குள் வரலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே. நம் திருச்சபையிலும் அது புதிய கேள்விகளின் காலம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில் குழல் ஆர்கனுக்கு உயர்ந்த இடம் தந்ததோடு, வழிபாட்டுக்கு ஏற்றவையாகவும் கோவிலின் மாண்புக்குப் பொருந்துபவையாகவும் இருக்கும் பிற இசைக்கருவிகளுக்கும் கதவைத் திறந்திருந்தது. குவரால்டி மாதக்கணக்கில் உழைத்தார். 1965 மே 21 அன்று பாடகர் குழு பழமையான வழிபாட்டுப் பண்களைப் பாட, அவருடைய பியானோ அவற்றைத் தாங்கி நின்றது. மக்கள் நற்கருணை வாங்கிய வேளையில் பாடல் இல்லை. பியானோவும் துணைக் கருவிகளும் மட்டுமே ஒலித்தன.

அதே ஆண்டில் கோகோ கோலா நிறுவனத்தின் ஆதரவில் பீனட்ஸ் சிறுவர்களைக் கொண்டு ஒரு கிறிஸ்மஸ் நிகழ்ச்சி தயாரானது. சான் ரபேல் நகரின் தூய பவுல் ஆலயச் சிறுவர்கள் அதில் பாடினார்கள். ஆனால் நிகழ்ச்சியின் பெரும்பகுதியில் ஒலித்தது பியானோதான். நிகழ்ச்சியோடு வெளிவந்த இசைத்தொகுப்பில், 'ஓ டானன்பாம்' என்ற பழைய ஜெர்மானியப் பாடலும், நாட் கிங் கோல் பாடிப் புகழ்பெற்ற 'தி கிறிஸ்மஸ் சாங்' பாடலும் சொற்களின்றியே ஒலிக்கின்றன. 'ஓ டானன்பாம்' பாடலை முதலில் பியானோ தனியாக, நிதானமாக, எல்லாரும் அடையாளம் காணும்படி வாசிக்கிறது. பிறகு பாஸ் கருவியும் மென்மையான டிரம்ஸும் சேர, அதைத் தம் விருப்பப்படி விரித்துச் செல்கிறார். இறுதியில் பழைய மெட்டுக்கே திரும்பி வருகிறார். வேகமோ ஆரவாரமோ இல்லை. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே மூச்சு விட இடம் இருக்கிறது.

சி.பி.எஸ். தொலைக்காட்சி அதிகாரிகளுக்கு இந்த நிகழ்ச்சி பிடிக்கவில்லை. மெதுவாக நகர்கிறது, பின்னணியில் சிரிப்பொலி இல்லை, சிறுவர் நிகழ்ச்சிக்கு ஜாஸ் இசை பொருந்தாது என்று எண்ணினார்கள். விவிலியப் பகுதி இடம் பெற்றதும் அவர்களுக்குத் தயக்கம் தந்தது. ஆனால் ஒளிபரப்பும் நாள் நெருங்கிவிட்டதால் மாற்ற வழியில்லை. 1965 டிசம்பர் 9 இரவு அன்று அமெரிக்காவில் தொலைக்காட்சி பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைப் பார்த்தார்கள். எம்மி, பீபடி ஆகிய உயரிய விருதுகள் தேடி வந்தன.

அன்புக்குரியவர்களே, அந்த நிகழ்ச்சியின் உச்சக்கட்டத்தைக் கவனியுங்கள். கிறிஸ்மஸின் பொருள் யாருக்காவது தெரியுமா என்று சார்லி பிரவுன் மனம் உடைந்து கேட்கிறான். லைனஸ் என்ற சிறுவன் மேடையின் நடுவே வந்து, தூய லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்திலிருந்து, இடையர்களுக்கு வானதூதர் தோன்றிய பகுதியைச் சொல்கிறான். அப்போது பியானோ இல்லை, பின்னணி இசை எதுவுமே இல்லை. அதுவரை நம்மைக் கைப்பிடித்து அழைத்து வந்த இசை, இறைவார்த்தை பேசும்போது விலகி நிற்கிறது. பெத்லகேமைச் சுட்டிக்காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் விண்மீனைப் போன்றது அது.

குவரால்டி தொடர்ந்து பீனட்ஸ் நிகழ்ச்சிகளுக்கு இசையமைத்தார். சிறிய விடுதிகளில் வாசிப்பதையும் விடவில்லை. 1976 பிப்ரவரி 6 அன்று மென்லோ பார்க் நகரில், இரு கச்சேரிகளுக்கு இடையே ஓய்வெடுத்தபோது திடீரென இறந்தார். வயது 47. கோல்மா நகரிலுள்ள திருச்சிலுவை கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கிறிஸ்மஸ் இசைத்தொகுப்பு நாற்பது இலட்சத்துக்கும் மேல் விற்பனையாகியிருக்கிறது. 2012-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை நாட்டின் பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அந்த வெற்றியின் பெரும்பகுதியை அவர் கண்ணால் காணவில்லை.

நம் ஆலயங்களில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர்கள் இன்று பலர். ஒரு பொத்தானை அழுத்தினால் தாளமும் துணை இசையும் தாமாகவே ஒலிக்கும் காலம் இது. வசதி நல்லதே. ஆனால் திருவருகைக் காலத்தில் இசைக்கருவிகளை அளவோடு பயன்படுத்தும்படி திருச்சபை கேட்பது ஏன்? காத்திருக்கும் உள்ளத்துக்கு அமைதி தேவை என்பதால்தான். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவில் மகிழ்ச்சியோடு வாசியுங்கள். மக்கள் பாடும்போது அவர்கள் குரல் கேட்கும் அளவுக்கு வாசியுங்கள். மன்றாட்டின் நடுவிலும் நற்கருணைக்குப் பின்வரும் மௌனத்திலும் விரல்களை எடுத்துவிடத் தயங்காதீர்கள். வாசிக்காத அந்த நேரமும் உங்கள் திருப்பணியின் பகுதியே.

விரல்களுக்குத் திறமை தரும் இறைவன், அவற்றை நிறுத்தும் ஞானத்தையும் நமக்குத் தருவாராக!