ழான் லூயி மார்க் அலிபேர்

ழான் லூயி மார்க் அலிபேர் (மே 2, 1768 - நவம்பர் 4, 1837) ஒரு பிரெஞ்சு மருத்துவர் ஆவார். பிரான்சில் தோல் மருத்துவத்தைத் தனித்துறையாக நிறுவியவர்களுள் முதன்மையானவர். தோலில் தோன்றும் நிணநீர்த் திசுப் புற்றுநோய்களுள் (லிம்போமா) மிகப் பரவலாகக் காணப்படும் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் நோயை முதன்முதலில் விவரித்தவர் இவரே.

வாழ்க்கை

தென் பிரான்சிலுள்ள வில்ஃபிரான்ஷ் த ரூவேர்க் என்னும் ஊரில் பிறந்தார். முதலில் சமயப் பணிக்கெனக் கல்வி கற்ற இவர், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னர் பாரிசில் மருத்துவம் பயின்றார். 1801 இல் அங்குள்ள சென் லூயி மருத்துவமனையில் பணியேற்றார். அதே ஆண்டில்தான் அம்மருத்துவமனை தோல் நோய்களுக்கென ஒதுக்கப்பட்டது. மருத்துவமனைத் தோட்டத்து மரநிழலில் நோயாளிகளைக் காட்டி இவர் நிகழ்த்திய விரிவுரைகள் பெரும் புகழ் பெற்றன. மன்னர்கள் பதினெட்டாம் லூயி, பத்தாம் சார்லஸ் ஆகியோரின் மருத்துவராகவும் விளங்கினார்; பாரோன் பட்டமும் பெற்றார்.

நோய்களின் வகைப்பாடு

தோல் நோய்களைத் தாவரங்களைப் போல் குடும்பங்களாகப் பிரிக்க விரும்பிய அலிபேர், 1829 இல் அவற்றை ஒரு மரத்தின் கிளைகளாக வரைந்து காட்டினார். ஆங்கிலேயரான ராபர்ட் வில்லன் கொப்புளம், பரு, செதில் போன்ற புறத்தோற்றத்தை மட்டும் கொண்டு நோய்களைப் பிரித்திருந்தார். நோயின் காரணம், போக்கு, முடிவு ஆகியவற்றையும் கருதவேண்டும் என்பது அலிபேரின் கொள்கை. ஆயினும் இவருடைய மாணவரான லோரான் பியேத் வில்லனின் எளிய முறையையே பின்பற்றினார். மரம் நாளடைவில் கைவிடப்பட்டது.

மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்

1806 இல், செதிலுடன் கூடிய தடிப்புகள் காளான் வடிவக் கட்டிகளாக மாறிய ஒரு நோயாளியை அலிபேர் விவரித்தார். இதனை யாஸ் என்னும் தொற்றுநோயின் ஒரு வகையாகக் கருதினார். 1832 இல் காளான் வடிவத்தைக் குறிக்கும் இன்றைய பெயரை அளித்தார். இந்நோய் பூஞ்சையால் உண்டாவதன்று. எனினும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

1870 இல் எர்னெஸ்ட் பசேன் இந்நோய் திட்டு, தடிப்பு, கட்டி என மூன்று நிலைகளில் வளர்வதை எடுத்துரைத்தார். 1938 இல் ஆல்பர்ட் செசாரி, தோல் முழுதும் சிவந்து இரத்தத்தில் இயல்பற்ற உயிரணுக்கள் காணப்படும் நோயை விவரித்தார். இவை டி உயிரணுக்களின் புற்றுநோய்கள் என்பது 1970களில் தெளிவாயிற்று.

2005 இல் உலக சுகாதார அமைப்பும் ஐரோப்பிய புற்றுநோய் ஆய்வு அமைப்பும் இணைந்த வகைப்பாடு வெளியானது. 2018 இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2005 வகைப்பாட்டின்படி, ஐந்தாண்டுகளுக்குள் நோயினால் இறவாதோர் மைக்கோசிஸ் ஃபங்காய்டிசில் 88 விழுக்காட்டினர். செசாரி நோயில் 24 விழுக்காட்டினர் மட்டுமே. திட்டு நிலையிலேயே கண்டறியப்பட்டோர் பலர் நெடுங்காலம் வாழ்கின்றனர். கட்டிகள் தோன்றியபின் நோய் கடுமையாகிறது. தோற்றத்தால் ஒத்த நோய்கள் முடிவால் வேறுபடுவதால், இன்று திசு ஆய்வும் நோயின் போக்கும் சேர்த்தே வகை தீர்மானிக்கப்படுகிறது.

பிற பணிகள்

தழும்பின் மிகை வளர்ச்சியான கீலாய்டு என்பதற்குப் பெயரிட்டவரும் இவரே. முதலில் புற்றுநோயை ஒத்த பெயரொன்றைச் சூட்டியிருந்த இவர், அது புற்றுநோயன்று என்பதால் பின்னர் அதனை மாற்றினார். 1834 இல் ரெனூச்சி என்னும் கோர்சிக மாணவர் சிரங்குப் பூச்சியை எடுத்துக் காட்டியதும் இவருடைய மருத்துவமனையிலேயே ஆகும்.