65 வாட்டும் ஒரு ரிப்பேர்காரரும்

போன தீபாவளி லீவுக்குத் திருத்தணி வந்தப்போ, என் கேமிங் லேப்டாப்போட செங்கல் சைஸ் சார்ஜரை ஹாஸ்டல்லயே விட்டுட்டேன். அக்காவோட டைப்-சி சார்ஜரைச் சொருகினேன். சார்ஜ் ஏறுற சிம்பல் வந்துச்சு, அது போதும்னு இருந்துட்டேன். ஆனா கேம் திறந்தா ஃப்ரேம் ரேட் 90லிருந்து 25க்கு விழுந்துச்சு. டிரைவரை மாத்தினேன், விண்டோஸையே புதுசா போட்டேன், ஒண்ணும் நடக்கல. ஒரு கடையில காட்டினா, போர்டு போச்சு, 18,000 ரூபாய் ஆகும்னாங்க. அப்பா சீட்டுப் பணத்தை எடுக்கக் கிளம்பிட்டார்.

அன்னைக்கு ராத்திரிதான் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். 20 வோல்ட், 3.25 ஆம்பியர். பெருக்கினா 65 வாட். ஹாஸ்டல்ல கிடந்தது 230 வாட். சின்ன சார்ஜர்னு தெரிஞ்சுகிட்டு லேப்டாப் தானாவே வேகத்தைக் குறைச்சிருக்கு. போர்டு நல்லாத்தான் இருந்துச்சு.

வாட் என்பது ஒரு மனுஷனோட பேர்னு ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டதும் இதே மாதிரி ஒரு ரிப்பேர்தான், தெரியுமா?

ஜேம்ஸ் வாட் 1736ல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் துறைமுக ஊரில் பிறந்தார். அடிக்கடி தலைவலியில் படுத்துவிடும் பையன். 1755ல் லண்டன் போய் ஒரே வருஷம் கருவிகள் செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார். கிளாஸ்கோவில் கடை போட விடவில்லை. ஏழு வருஷம் தொழில் பழகியிருக்க வேண்டும் என்பது அங்கிருந்த கைவினைஞர் சங்கத்தின் விதி. அப்போது கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு பட்டறை கொடுத்தது.

1763 குளிர்காலத்தில் வகுப்பறையில் காட்டும் ஒரு குட்டி நியூகோமென் நீராவி எஞ்சின் அவரிடம் வந்தது. லண்டனில் ரிப்பேருக்குப் போயும் சரியாகாத எஞ்சின். நாலைந்து தடவை ஆடும், அப்புறம் நின்றுவிடும். நாமா இருந்தா என்ன செஞ்சிருப்போம்? பாய்லரைப் பெருசாக்கியிருப்போம். வாட் நீராவி எங்கே போகிறது என்று அளக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் சிலிண்டருக்குள் குளிர்ந்த தண்ணீர் அடித்து நீராவியைத் தண்ணீராக்கினார்கள். அதில் சிலிண்டரும் குளிர்ந்துவிடும். அடுத்து வரும் நீராவியில் பெரும்பங்கு அந்தச் சிலிண்டரைத் திரும்பச் சூடாக்கவே செலவானது.

1765ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோ பசும்புல் மைதானத்தில் நடக்கும்போது விடை கிடைத்தது. சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கட்டும், நீராவியை வேறொரு பாத்திரத்துக்கு அனுப்பி அங்கே குளிரவைக்கலாம்.

யோசனை ஒரு நாளில் வந்தது, அதை எஞ்சினாக்க பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. 1769ல் காப்புரிமை கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. பணம் போட்ட ரோபக் திவாலானார். வாட் கால்வாய்களுக்கு நிலம் அளந்து குடும்பத்தை ஓட்டினார். 1773ல் அவர் மனைவி மார்கரெட் இறந்துபோனார். அடுத்த வருஷம் பர்மிங்காம் போனார், பிறகு மேத்யூ போல்டனோடு கூட்டுச் சேர்ந்தார். சிலிண்டரைத் துல்லியமாகக் கடைந்து தர வில்கின்சன் கிடைத்த பிறகு, 1776ல்தான் எஞ்சின்கள் வேலைக்குப் போயின. பழைய எஞ்சினைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமோ, அதில் மூன்றில் ஒரு பங்குதான் அவர்கள் வாங்கிய கட்டணம்.

எஞ்சின் வாங்க வருகிறவர்களுக்குக் குதிரைதான் தெரியும். அதனால் ஒரு குதிரை நிமிஷத்துக்கு 33,000 பவுண்டை ஒரு அடி தூக்கும் என்று கணக்குப் போட்டார். இன்றைய அளவில் அது சுமார் 746 வாட்.

நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். மலைக்கோயிலுக்கு 365 படி. ஒரு படி 15 செ.மீ.னு வச்சுக்கோங்க, சுமார் 55 மீட்டர். 60 கிலோ ஆள் பத்து நிமிஷத்துல ஏறினா, உடம்பைத் தூக்க மட்டும் செலவாகுறது சுமார் 54 வாட். இப்போ 230 வாட் எவ்வளவு பெருசுன்னு தெரியுதா?

1788ல் எஞ்சினுக்குக் கவர்னர் பொருத்தினார். அது காற்றாலைகளில் ஏற்கெனவே இருந்ததுதான். வேகம் கூடினால் இரண்டு உருண்டைகள் விரிந்து, த்ராட்டில் வால்வை மூடி நீராவியைக் குறைக்கும். லேப்டாப் சூடானாலோ பவர் பத்தலைன்னாலோ நடக்கும் த்ராட்டிலிங்கும் இதே வேலைதான். லினக்ஸில் சிபியூ வேகத்தைத் தீர்மானிக்கும் பகுதிக்கே கவர்னர்னுதான் பேர்.

அவரிடமும் குறை உண்டு. 1800 வரை நீண்ட காப்புரிமையை வைத்து மற்றவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார். உயர் அழுத்த நீராவியை ஆபத்து என்று எதிர்த்தார். 1819ல் காலமானார். 1882ல் சீமென்ஸ் முன்மொழிந்த பிறகுதான் அவர் பேர் அலகாகி, கடைசியில் நம்ம சார்ஜர் லேபிள் வரைக்கும் வந்துச்சு.

அதனால உங்க லேப்டாப் திணறினா கடைக்கு ஓடாதீங்க. முதல்ல சார்ஜர்ல வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, கூட வந்த ஒரிஜினலோட ஒப்பிடுங்க. சார்ஜர் சொருகாம பேட்டரியில மட்டும் விளையாடுறீங்களா, பவர் மோடு எதுல இருக்குன்னு பாருங்க. அப்புறம் டெம்பரேச்சர், ஃபேன்ல தூசி. கேம் ஓடும்போது சிபியூவும் ஜிபியூவும் எத்தனை வாட் இழுக்குதுன்னு காட்ட இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அந்த எண்ணைப் பார்த்துட்டு பர்ஸைத் திறங்க.

நான் ஹாஸ்டல் திரும்பி பழைய சார்ஜரைச் சொருகினேன். ஃப்ரேம் ரேட் 90. அப்பாவோட சீட்டு இன்னும் ஓடிட்டிருக்கு.