ராபர்ட் மக்னமாரா

ராபர்ட் மக்னமாரா (ஜூன் 9, 1916 – ஜூலை 6, 2009) ஓர் அமெரிக்க நிர்வாகியும் அரசியலாளரும் ஆவார். 1961 முதல் 1968 வரை ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புச் செயலாளராகப் பணியாற்றினார். வியட்நாம் போரை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார்.

இளமையும் தொழிலும்

சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த இவர் பெர்க்லி, ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களில் பயின்றார். இரண்டாம் உலகப்போரின்போது வான்படையின் புள்ளியியல் பிரிவில் இணைந்து, குண்டுவீச்சு விமானங்களின் செயல்திறனை ஆராய்ந்தார். 1946 இல் போர்டு நிறுவனத்தில் சேர்ந்து, 1960 நவம்பரில் அதன் தலைவரானார். சில வாரங்களிலேயே கென்னடியின் அமைச்சரவைக்கு அழைக்கப்பட்டார்.

வியட்நாம் போர்

1962 கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது, உடனடி வான் தாக்குதலுக்கு மாற்றாகக் கடல்வழி முற்றுகையை ஆதரித்தார். வியட்நாமிலோ போரின் போக்கை எண்ணிக்கைகளால் அளக்க முயன்றார். கொல்லப்பட்ட எதிரிகளின் எண்ணிக்கை முன்னேற்றத்தின் அளவுகோலாயிற்று. எதிர்த்தரப்பின் விடுதலை உணர்வு இக்கணக்கில் அடங்கவில்லை. 1963 இறுதியில் ஏறத்தாழ 16,000 ஆக இருந்த அமெரிக்கப் படையினரின் தொகை 1967 இறுதியில் 4,80,000 ஐத் தாண்டியது. வெற்றி கிட்டாது என உணர்ந்த மக்னமாரா, 1967 நவம்பரில் குண்டுவீச்சை நிறுத்தவும் படைப்பெருக்கத்தைக் கைவிடவும் குடியரசுத் தலைவர் ஜான்சனுக்குப் பரிந்துரைத்தார். அது ஏற்கப்படவில்லை. 1968 பெப்ரவரியில் பதவி விலகி, 1981 வரை உலக வங்கியின் தலைவராக இருந்தார். தன் ஐயங்களை அப்போது பொதுவெளியில் கூறவில்லை. போர் 1975 வரை நீடித்தது.

ஆவணப்படம்

1995 இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பு நூலில், தாமும் சகாக்களும் தவறிழைத்ததாக ஒப்புக்கொண்டார். எரோல் மாரிஸ் இயக்கிய "தி ஃபாக் ஆஃப் வார்" என்னும் ஆவணப்படம் 2003 இல் வெளியானது. போர்க்களத்தின் தெளிவின்மையைக் குறிக்கும் தலைப்பு இது. மக்னமாராவின் வாழ்க்கையைப் பதினொரு பாடங்களாகப் பகுத்துக் கூறும் இப்படம், சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. இதற்கு இசையமைத்தவர் பிலிப் கிளாஸ்.

85 வயதான மக்னமாரா இதில் ஒளிப்படக்கருவியை நேராக நோக்கிப் பேசுகிறார். 1945 மார்ச்சில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பொதுமக்கள் எரிந்து மாண்ட குண்டுவீச்சைக் குறிப்பிட்டு, அமெரிக்கா தோற்றிருந்தால் தாங்கள் போர்க்குற்றவாளிகளாகக் கருதப்பட்டிருக்கக்கூடும் என ஏற்கிறார். ஆயினும், பதவி விலகிய பின்னர் ஏன் போரை எதிர்த்துப் பேசவில்லை என இறுதியில் வினவப்பட்டபோது விடையளிக்க மறுத்துவிட்டார். 2009 இல் வாஷிங்டனில் காலமானார்.