சுவர் தாண்டி ஒலித்த மணி!



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பஸ்சில் போயிருக்கிறீர்களா? சாலையின் இரு பக்கமும் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும். கார் முதல் கண்ணாடி வரை பல பொருட்கள் அங்கே தயாராகின்றன. செல்போன்களும், செல்போன் கோபுரங்களுக்கான கருவிகளும் கூட அங்கே தயாராகி, பல நாடுகளுக்குப் போகின்றன.

செல்போனும், கோபுரமும் பேசிக்கொள்வது எப்படி? கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் மூலம்தான். உங்கள் வீட்டு வைஃபை ரவுட்டரும் அதே வகை அலையைத்தான் வீசுகிறது. ஆனால், ஒரு வேடிக்கை... ஹாலில் இன்டர்நெட் நன்றாக வரும். உள் அறைக்குப் போனால் கோடுகள் குறையும். சமையலறையில் சுத்தமாக நின்றுவிடும். ஏன் இப்படி?

இந்த அலைகள் எதைத் தாண்டும், எதில் நிற்கும், எதில் பட்டுத் திரும்பும் என்று 100 ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் நம் நாட்டு விஞ்ஞானி. அவர்தான் ஜகதீஷ் சந்திர போஸ். செடி, கொடிகளைப் பற்றி ஆராய்ந்தவர் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு முன் அவர் செய்த வேலையை இன்று தெரிந்துகொள்வோம்.

மீனவர் மகன் சொன்ன கதைகள்

1858ம் ஆண்டு, நவம்பர் 30ம் தேதி, இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங் என்ற ஊரில் பிறந்தார் போஸ். தந்தை பகவான் சந்திர போஸ், அரசாங்கத்தில் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தக் காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போவதுதான் பெருமை. ஆனால், பிள்ளை முதலில் தாய்மொழியையும், சொந்த மக்களையும் அறிய வேண்டும் என்று விரும்பினார் தந்தை. அதனால், வங்காளிப் பள்ளியில் மகனைச் சேர்த்தார்.

அங்கே போசின் ஒரு பக்கம் தந்தையின் பணியாளர் மகன். இன்னொரு பக்கம் மீனவர் மகன். பறவைகள், விலங்குகள், நீரில் வாழும் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளை வாய் பிளந்து கேட்டார். இயற்கையை உற்றுப் பார்க்கும் ஆசை அங்கேதான் முளைத்தது.

பிறகு கொல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்தார். பாதிரியார் லஃபோன் என்ற ஆசிரியர், இயற்பியலை சோதனைகள் செய்து காட்டியே கற்றுத் தருவார். நல்ல ஆசிரியர் கிடைத்தால் மாணவன் வாழ்க்கையே மாறும் என்பதற்கு இது ஓர் உதாரணம். 1880ல் மருத்துவம் படிக்க லண்டன் சென்றார் போஸ். ஆனால், காய்ச்சல் விடாமல் வாட்டியதால் மருத்துவத்தைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார்.

சம்பளம் தொடாத மூன்று ஆண்டுகள்

1885ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அங்கே ஓர் அநியாயம் காத்திருந்தது. ஒரே வேலை செய்தாலும், ஆங்கிலேயருக்கு முழுச் சம்பளம். இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே! போஸ் தற்காலிகப் பணியில் இருந்ததால், அதிலும் பாதிதான் கிடைக்கும் என்றனர்.

போஸ் என்ன செய்தார் தெரியுமா? வேலையை விடவில்லை; சண்டையும் போடவில்லை. வகுப்புகளை ஒரு குறையும் இல்லாமல் நடத்தினார். ஆனால், அந்தச் சம்பளத்தைக் கையால் தொடவில்லை. ஒன்றல்ல, இரண்டல்ல... மூன்று ஆண்டுகள்! இத்தனைக்கும் அவர் குடும்பம் அப்போது கடனில் இருந்தது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தையும், பழைய பாக்கியையும் சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு தந்தையின் கடனை அடைத்தார்.

இந்தக் கஷ்ட காலத்தில், 1887ல் அபலா என்பவரை மணந்தார். அபலாவுக்கும் நம் சென்னைக்கும் தொடர்பு உண்டு. வங்காளத்தில் அப்போது மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். அதனால், 1882ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து படித்தவர் அவர். பிற்காலத்தில் பெண் கல்விக்காக நிறைய உழைத்தார்.

தகரமும் ரயில் அட்டவணையும்

மின்காந்த அலைகள் இருப்பதை ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ட்ஸ் 1887-88ல் சோதனை மூலம் நிரூபித்தார். அதைப் படித்த போசுக்கும் ஆர்வம் பொங்கியது. 1894ல் ஆராய்ச்சியில் இறங்கினார். ஆனால், ஆய்வுக்கூடம்? கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது 24 சதுர அடி இடம். ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும்! கருவி வாங்கப் பணம் இல்லை. ஒரு தகர வேலைக்காரரை வைத்துக்கொண்டு, சொந்தச் செலவில் கருவிகளைச் செய்தார்.

ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளியைத்தான் அலைநீளம் என்கிறோம். நீளமான அலையை ஆராய, பெரிய கருவியும் பெரிய கூடமும் வேண்டும். போசிடம் அவை ஏது? அதனால், அலையின் நீளத்தையே குறைத்தார்! சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளை உண்டாக்கினார். கருவிகள் எல்லாம் ஒரு மேஜை மேல் அடங்கிவிட்டன. அலைகளைப் பிடிக்க, புனல் போன்ற உலோகக் குழாய்களையும் வடிவமைத்தார்.

வேறு என்ன பயன்படுத்தினார் தெரியுமா? ரயில் கால அட்டவணைப் புத்தகம்! பக்கங்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளீயத் தகட்டைச் செருகினார். புத்தகத்தை ஒரு நிலையில் பிடித்தால், அலை அதனூடே போனது. அதையே கால் சுற்று திருப்பினால், அலை நின்றது. அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதும் முக்கியம் என்று இதிலிருந்து தெரிந்தது. முறுக்கிய சணல் நாரைக் கூட விடாமல் சோதித்தார்.

இன்னொரு விந்தையையும் கண்டார். வெளிச்சம் புக முடியாத செங்கல்லும், தாரும் இந்த அலைக்கு வழி விட்டன. வெளிச்சம் எளிதில் புகும் தண்ணீரோ, அலையைத் தடுத்தது!

1895ல் கொல்கத்தா டவுன்ஹாலில் எல்லாரும் பார்க்க ஒரு சோதனை நடத்தினார். ஓர் இடத்தில் அலையை உண்டாக்கினார். அது சுவர்களைக் கடந்து, சுமார் 75 அடி தூரத்தில் இருந்த மணியை ஒலிக்க வைத்தது. வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. நடுவில் கம்பி எதுவும் இல்லை! கூடியிருந்தவர்கள் வியந்து போயினர். 1897 ஜனவரியில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை விளக்கிப் பேசினார்.

பூட்டி வைக்காத அறிவு

அந்தக் கருவிகளுக்குக் காப்புரிமை வாங்கி, கம்பெனிகளுக்கு விற்றிருந்தால் பெரும் பணக்காரர் ஆகியிருப்பார். போசுக்கு அதில் விருப்பம் இல்லை. அறிவு எல்லாருக்கும் பொது என்று எண்ணினார். நண்பர்கள் வற்புறுத்தியதால் மட்டுமே, அலைகளை உணரும் ஒரு கருவிக்கு 1904ல் அமெரிக்கக் காப்புரிமை பெறப்பட்டது. அதையும் அவர் காசாக்கவில்லை. கம்பியில்லாத் தந்தியைத் தொழிலாக வளர்த்த மார்க்கோனி, 1909ல் ஜெர்மனியின் பிரவுனுடன் நோபல் பரிசு பெற்றார். போசோ தாவர ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். செடியின் மிக நுண்ணிய வளர்ச்சியையும் பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவியை உருவாக்கினார்.

1917ல், தம் பிறந்த நாளன்று, கொல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். தமக்குச் சிறு இடம்தான் கிடைத்தது. அடுத்த தலைமுறைக்காவது நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்கட்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. 1937, நவம்பர் 23ம் தேதி காலமானார். அவர் மறைந்து 75 ஆண்டுகளுக்குப் பின், 2012ல், ஐ.ஈ.ஈ.ஈ., என்ற உலகப் பொறியாளர் அமைப்பு, அவரது மில்லிமீட்டர் அலை சோதனைகளை ஒரு மைல்கல்லாக அறிவித்தது. அதே மில்லிமீட்டர் அலைகள் இன்று, 5ஜி தொழில்நுட்பத்திலும் இடம் பெற்றுள்ளன.

உங்கள் வீடே ஆய்வுக்கூடம்!

சரி, உங்கள் வீட்டு ரவுட்டருக்கு வருவோம். போஸ் செய்தது போலவே, எது தடுக்கிறது, எது வழி விடுகிறது என்று பாருங்கள். அலைக்கு இரும்பு பிடிக்காது. எனவே, ஸ்டீல் பீரோவுக்குப் பின்னாலோ, பிரிஜ் பக்கத்திலோ ரவுட்டரை வைக்காதீர்கள். தண்ணீரும் அலையை விழுங்கும். மீன் தொட்டி அருகே வேண்டாம். செங்கல் சுவரை விட, உள்ளே கம்பி வைத்த கான்கிரீட் சுவரும், தளமும் அதிகம் தடுக்கும். வீட்டின் நடுப்பகுதியில், தரையில் வைக்காமல், திறந்த அலமாரியின் மேல் தட்டு போன்ற உயரமான இடத்தில் வைப்பதே நல்லது. ஆன்டெனா இருந்தால் திருப்பிப் பாருங்கள். ரயில் புத்தகம் நினைவிருக்கிறதல்லவா?

புது ரவுட்டர் வாங்குவதானால், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உள்ளதாகக் கேளுங்கள். 2.4ன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சுவர்களைத் தாண்டி தூரம் போகும், வேகம் குறைவு. 5ன் அலைநீளம் சுமார் 6 சென்டிமீட்டர். வேகம் அதிகம், சுவரில் சோர்ந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 தடுமாறலாம். பெரிய வீடு, மாடி வீடு என்றால் இன்னொரு கருவி தேவைப்படும். அதை அலையே வராத அறையில் வைத்துப் பயனில்லை; ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில், அலை நன்றாக வரும் இடத்தில் வைக்க வேண்டும். பெட்டியுடன் வந்த பாஸ்வேர்டை மாற்றவும் மறக்காதீர்கள்.

ஒரு தாளில் உங்கள் வீட்டின் படத்தை வரையுங்கள். ஒவ்வொரு அறையிலும் போனில் எத்தனை கோடு தெரிகிறது என்று குறியுங்கள். பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் உதவியுடன் ரவுட்டரை வேறு இடத்தில் வைத்து, மறுபடியும் குறியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எதனால் பலன் கிடைத்தது என்று தெரியும். விஞ்ஞானிகள் செய்வதும் இதுதான்.

வசதி இல்லையே என்று போஸ் கை கட்டி உட்காரவில்லை. 24 சதுர அடியும், கொஞ்சம் தகரமும், பழைய புத்தகமும் அவருக்குப் போதுமானதாக இருந்தன. உங்களிடம் ஒரு தாளும், பென்சிலும் இருக்கின்றனவே... இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள், செல்வங்களே!