அச்சத்திலிருந்து அன்புக்கு: அண்டிரிக் அடிகளாரின் தமிழ்ப்பணி

போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசாவில் 1520இல் பிறந்த அண்டிரிக் அடிகளார் என்னும் இயேசு சபைத் துறவி 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். குலசேகரன்பட்டினத்தையும் தன்னகத்தே கொண்ட இக்கடற்கரையில் பரதவர் பலர், பகைவரின் தாக்குதலுக்கு அஞ்சிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடியே 1536-37 அளவில் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். இடர் நீங்க ஏற்ற சமயத்தை இறைவனிடம் தம்மை ஒப்புவிக்கும் வாழ்வாக முதிரச்செய்வதே அடிகளாரின் பணியாயிற்று. அதற்கென அவர் தமிழைக் கற்றார். 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கமும், 1580இல் கொச்சியில் பாவசங்கீர்த்தன நூலான கொம்பெசியொனாயருவும் அச்சேறின. தண்டனைக்கு அஞ்சி வருந்துவதினும் இறையன்பால் வருந்தும் உத்தம மனத்தாபமே நிறைவுடையது என்பது 1551இல் திரெந்துச் சங்கம் உரைத்த கோட்பாடு. அம்மரபு வேண்டும் அகச்சோதனை தமிழ் உரைநடையில் அச்சேறியமைக்கு இந்நூல் தொன்மையான சான்றாகும். 1600இல் புன்னைக்காயலில் மறைந்த அடிகளார் தூத்துக்குடியில் நல்லடக்கம் செய்யப்பெற்றார்.