வேறோர் உலகைத் தேடிய ஜேக்கப்

இரவு வானத்தை அண்ணாந்து பார்க்கும்போது நம் எல்லோர் மனத்திலும் ஒரு கேள்வி எழுவதுண்டு. இத்தனை கோடி விண்மீன்களுக்கிடையே அறிவும் பேச்சும் உடைய உயிர் மனிதன் மட்டுந்தானா? இக்கேள்வியின் வரலாற்றில் நம் தமிழகத்துக்கும் ஓர் இடமுண்டு. அதைத் தேடித் தந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப்.

இவர் 1813இல் இங்கிலாந்தில், ஆங்கிலிக்கன் சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியியல் படையில் சேர்ந்து 1831இல் பம்பாய் வந்தார். நில அளவைப் பணியில் ஈடுபட்டபோதும் உள்ளம் விண்ணையே நாடியது. 1842இல் பூனாவில் சொந்தமாகவே வானாய்வுக்கூடம் அமைத்தார். 1848இன் இறுதியில் சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்த வானாய்வுக்கூடத்தின் தலைவரானார்.

ஓபியூக்கஸ் என்னும் விண்மீன் கூட்டத்தில் 70 என்ற எண்ணிடப்பட்ட இரட்டை விண்மீன் உண்டு. தட்டாமாலை சுற்றும் இரு சிறுமியரைப் போல அவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 88 ஆண்டுகள். சுற்றும் சிறுமி ஒருத்தியின் பாவாடையைத் தங்கை பற்றிக்கொண்டால் சுற்றுத் தடுமாறுமல்லவா? அத்தகைய தடுமாற்றத்தை ஜேக்கப் தம் அளவுகளில் கண்டார். கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்று அங்கே இருக்கக்கூடும் என்று 1855இல் எழுதினார். உறுதியாகச் சொல்லவில்லை, பெரிதும் இருக்கலாம் என்றே சொன்னார்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பெரும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. பிற உலகங்களில் அறிவுள்ள உயிர்கள் இல்லை என்று வில்லியம் ஹூவெல் வாதிட்டார். இறைவன் அவற்றை வீணாகப் படைத்திருக்கமாட்டார் என்று டேவிட் புரூஸ்டர் மறுத்தார். இருவரும் கடவுள் நம்பிக்கை உடையவர்களே. ஜேக்கப்பும் அதே 1855இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். புதிய கோளுக்குச் சான்று கிடைத்ததாக நம்பிய அவரே, பிற உலகங்களில் உயிர்கள் வாழ்வதாக எளிதில் கூறிவிட முடியாது என்றார்!

நலிந்த உடலோடு உழைத்த ஜேக்கப், பூனா அருகே மலைமேல் வானாய்வுக்கூடம் அமைக்கும் ஆவலுடன் 1862 ஆகஸ்டில் மீண்டும் இந்தியா வந்தார். வந்த சில நாட்களிலேயே, 48ஆம் வயதில் பூனாவில் காலமானார்.

அவர் கருதிய கோள் அங்கே இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால் அவர் தேடிய வழி வீண்போகவில்லை. விண்மீனின் சிறு அசைவைக் கொண்டே, 1995இல் நம் சூரியனைப் போன்ற வேறொரு சூரியனைச் சுற்றும் கோளைக் கண்டனர். இன்று அறியப்பட்ட அத்தகைய கோள்கள் 5,000க்கும் அதிகம். எதிலும் உயிர் இருப்பதற்கு உறுதியான சான்று இன்னும் கிடைக்கவில்லை.

அன்புத் தங்கையரே! கோடை இரவில் கல்வராயன் மலைப் பக்கமாகக் கிழக்கு வானை நோக்குங்கள். ஓபியூக்கஸ் மெல்ல மேலேறும். அங்கே யாரேனும் இருந்தாலும் நம் பெருமை குறையாது. இல்லாவிட்டாலும் நாம் செருக்குக் கொள்ள வேண்டியதில்லை. சிறிய இப்பூமியில் நின்று அத்தனை தொலைவை அளக்கவும், அறிந்ததை அறிந்த அளவே சொல்லவும் மனிதனுக்கு வரம் கிடைத்திருக்கிறது. அதுவே நம் தனிச்சிறப்பு.