மண்ணுக்குள் புதைந்த பால் கேன்கள்: வார்சா கெட்டோவின் கதையைக் காப்பாற்றிய இமானுவேல் ரிங்கல்புளூம் யார்?

இரண்டாம் உலகப் போர் பற்றிப் பள்ளியில் படித்ததில் என்னவெல்லாம் ஞாபகம் இருக்கிறது? எந்த வருஷம் தொடங்கியது, யார் ஜெயித்தார்கள், எத்தனை கோடிப் பேர் இறந்தார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தப் போருக்கு நடுவே ஒரு குடும்பம் காலையில் என்ன சாப்பிட்டது, ரொட்டி என்ன விலைக்கு விற்றது, பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு குழந்தைகள் எங்கே போய்ப் படித்தார்கள்? இதற்கெல்லாம் பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்காது.

காரணம் சிம்பிள். வரலாற்றை எழுத ஆவணம் வேண்டும். ஆவணங்கள் பெரும்பாலும் அரசாங்க அலமாரிகளில்தான் இருக்கும். அந்த அரசாங்கமே கொலை செய்தால்? கொன்றவர்கள் எழுதிவைத்த கணக்கு மட்டும் மிஞ்சும், செத்தவர்களின் பக்கம் காலியாகக் கிடக்கும்.

நாஜிப் படை ஆக்கிரமித்த போலந்தில் ஒருவர் இதை முன்கூட்டியே யோசித்தார். அவர் பெயர் இமானுவேல் ரிங்கல்புளூம். தளபதியோ தலைவரோ இல்லை, ஒரு வரலாற்று ஆசிரியர். வார்சா கெட்டோவில் சாமானிய யூதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது இன்று இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்றால், அதற்கு முக்கியக் காரணம் இவரும் இவர் சேர்த்த குழுவும்தான்.

யார் இந்த ரிங்கல்புளூம்?

1900 நவம்பரில் புச்சாச் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது, இன்று உக்ரைனில் இருக்கிறது. முதல் உலகப் போர் அந்தப் பக்கம் வந்ததும் குடும்பம் ஊரைக் காலி செய்துகொண்டு நோவி சோன்ச் என்ற இன்னொரு ஊருக்குப் போனது. போர் வந்தால் ஒரு வீடு என்ன ஆகும் என்பதை அவர் முதலில் பார்த்தது தன் வீட்டில்தான்.

வார்சா பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, 1927-ல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுத் தலைப்பு, இடைக்கால வார்சாவில் யூதர்களின் வாழ்க்கை. பிறகு பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தார். இடதுசாரி யூதக் கட்சி ஒன்றிலும் தீவிரமாக இருந்தார். ராஜாக்களையும் பண்டிதர்களையும் தாண்டி, தையல்காரரும் சுமை தூக்குபவரும் வரலாற்றில் வர வேண்டும் என்று நினைத்த தலைமுறை அது. யூத வரலாற்றாய்வுக்காக 1925-ல் வில்னா நகரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. பழைய கடிதம், பாட்டு, பழமொழி என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து அனுப்பச் சொல்லி அது பொதுமக்களையே கேட்டது. வரலாற்றுக்கு ஆதாரம் சேர்ப்பது பேராசிரியர்களின் வேலை மட்டும் இல்லை என்ற அந்த எண்ணம் ரிங்கல்புளூமின் மனசில் ஆழமாகப் பதிந்தது.

ஒத்திகை போல வந்த 1938

1938 அக்டோபர் கடைசியில், ஜெர்மனியில் வாழ்ந்த சுமார் 17,000 போலந்து யூதர்களை ஹிட்லர் அரசு ராவோடு ராவாக எல்லைக்கு விரட்டியது. அவர்களில் பல ஆயிரம் பேர் ஸ்போன்ஷின் என்ற எல்லை ஊரில் சிக்கிக்கொண்டார்கள். நிவாரண அமைப்பு ஒன்றின் சார்பில் ரிங்கல்புளூம் அங்கே போய், ஐந்து வாரம் தங்கி வேலை பார்த்தார். சாப்பாடும் போர்வையும் ஏற்பாடு செய்ததோடு நிற்கவில்லை. வந்தவர்களிடம் நடந்ததைக் கேட்டு எழுதியும் வைத்தார்.

1939 ஆகஸ்டில் ஒரு மாநாட்டுக்காக ஜெனிவாவில் இருந்தார். போர் வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் மனைவி யெஹுடிஸும் மகன் ஊரியும் இருந்த வார்சாவுக்கே திரும்பினார். செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. அந்த மாதக் கடைசியில் வார்சா சரணடைந்தது.

சுவருக்குள் ஒரு ரகசியக் குழு

1940 நவம்பர் நடுவில் வார்சா கெட்டோவின் கதவுகள் மூடப்பட்டன. நகரத்தின் மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதம் பேர், நகரப் பரப்பில் 2.4 சதவீத இடத்துக்குள் அடைக்கப்பட்டார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஓர் அறைக்குச் சராசரியாக ஏழு பேர். அதிகாரபூர்வ ரேஷனில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 200 கலோரிக்கும் குறைவு. சுவரில் ஓட்டை போட்டும் சாக்கடை வழியாகவும் உணவு கடத்தாமல் யாரும் உயிரோடு இருக்க முடியாது. அதில் பாதி வேலையைச் செய்தது சின்னப் பசங்கதான் என்று சொன்னாலும் மிகையில்லை.

சுவர் மூடப்பட்ட ஒரே வாரத்தில், நவம்பர் 22 அன்று, ரிங்கல்புளூம் சில நண்பர்களைக் கூட்டினார். சனிக்கிழமைகளில் சந்திப்பதால் குழுவுக்கு ஓனெக் ஷாபெஸ் என்று பெயர். யித்திஷ் மொழியில், ஓய்வுநாளின் மகிழ்ச்சி என்று அர்த்தம். வெளியே கேட்டால் ஏதோ வாராந்திர சந்திப்பு மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு ரகசிய ஆவணக் காப்பகம். மாட்டினால் மரணம் நிச்சயம்.

குழுவில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். ஆசிரியர், பொருளாதார நிபுணர், மதகுரு, ஓவியர் எனப் பல தரப்பு. தபால்காரராக வேலை பார்த்த எழுத்தாளர் பெரெட்ஸ் ஒபோசின்ஸ்கி, கடிதம் கொடுக்கப் போகும் வீடுகளில் பார்த்ததை எழுதினார். ரேச்சல் அவுர்பாக் ஓர் இலவசக் கஞ்சிக்கூடத்தை நடத்திக்கொண்டே அங்கே வருபவர்களைப் பற்றி எழுதினார். செசிலியா ஸ்லபகோவா பெண்களைப் பேட்டி எடுத்தார். கணவன் போன பிறகு குடும்பத்தை எப்படி ஓட்டுகிறார்கள், என்ன வியாபாரம் செய்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார்.

என்னவெல்லாம் சேர்த்தார்கள்?

டைரிகள், கடிதங்கள், ரகசியப் பத்திரிகைகள் இருந்தன. அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் மிட்டாய் சுற்றிய காகிதம், டிராம் டிக்கெட், ரேஷன் கார்டு, கச்சேரி அழைப்பிதழ், சுவர் போஸ்டர், பள்ளிக் குழந்தைகள் எழுதிய கட்டுரை என்று எதையும் விடவில்லை. ஒரே வீட்டில் பத்துக் குடும்பம் இருந்தால் யாருக்கு எத்தனை முறை மணி அடிக்க வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தது.

குப்பை மாதிரி தெரியும். ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரு கேள்விக்குப் பதில். அந்த மணிக் குறிப்பு ஒரு வீட்டில் எவ்வளவு நெரிசல் என்று காட்டும். மிட்டாய்க் காகிதம் சுவருக்குள் என்ன தயாரானது, என்ன விற்றது என்று சொல்லும்.

இன்னொரு விஷயம் முக்கியம். தங்கள் மக்களின் நல்ல பக்கத்தை மட்டும் எழுதினால் போதும் என்று ரிங்கல்புளூம் நினைக்கவில்லை. லஞ்சம் வாங்கிய யூதப் போலீஸ், பணக்காரர்களின் அலட்சியம், பசியில் உடையும் குடும்பங்கள் எல்லாம் பதிவாகின. அவரே உணவு உதவி அமைப்பில் பொறுப்பில் இருந்தவர். இருக்கும் கொஞ்ச சோற்றை எல்லோருக்கும் பங்கு போட்டால் எல்லோரும் மெதுவாகச் சாவார்கள். சிலருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்களை நாமே சாகவிட்ட மாதிரி ஆகிவிடும். இந்தக் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. ஆனால் கேள்வியை மறைக்காமல் எழுதிவைத்தார். தன் கஞ்சிக்கூடம் யாரையும் காப்பாற்றவில்லை, சாவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான் என்ற முடிவுக்கு அவுர்பாக்கும் வந்தார்.

1940-லிருந்து 1942 நடுப்பகுதி வரை பசியாலும் நோயாலும் மட்டும் கெட்டோவில் சுமார் 83,000 பேர் இறந்தார்கள்.

கேமராவுக்கு எதிராக ஒரு டைரி

1942 மே மாதம் ஜெர்மன் படப்பிடிப்புக் குழு ஒன்று கெட்டோவுக்குள் வந்தது. நல்ல உடை போட்டவர்களை மேஜையில் உட்காரவைத்து விருந்து சாப்பிடுவது போலப் படம் எடுத்தது. அந்தப் பக்கம் ஏழைகள் சாக, இந்தப் பக்கம் யூதர்கள் சொகுசாக இருந்தார்கள் என்று காட்டும் ஏற்பாடு. அந்தப் படச்சுருள் போருக்குப் பிறகு கிடைத்தது.

அது மட்டும் மிஞ்சியிருந்தால்? பார்ப்பவர்கள் அதையே நிஜம் என்று நம்பியிருக்கக்கூடும். ஆனால் ஓனெக் ஷாபெஸ் உறுப்பினரான ஆசிரியர் ஆபிரகாம் லெவின், அது செட்டப் காட்சி என்பதை அந்த நாட்களிலேயே டைரியில் எழுதிவிட்டார். அந்தப் பொய்யை உடைக்க இன்று உதவும் சாட்சிகளில் அவர் டைரியும் ஒன்று.

வாழ்க்கையிலிருந்து சாவை எழுதும் நிலைக்கு

1942 தொடக்கத்தில் ஹெல்ம்னோ முகாமிலிருந்து தப்பிய ஷ்லாமெக் என்பவர் வார்சா வந்து சேர்ந்தார். விஷவாயு வண்டியில் கொல்லப்பட்டவர்களின் உடல்களைப் புதைக்கும் வேலையில் அவரைக் கட்டாயமாகப் போட்டிருந்தார்கள். குழுவின் செயலாளர் ஹெர்ஷ் வாசர் அவர் சொன்னதை எழுதி எடுத்தார். அந்தத் தகவல் போலந்து ரகசிய இயக்கத்துக்குப் போனது. அதோடு சேர்ந்து வேறு தகவல்களும் லண்டன் போய்ச் சேர, ஜூன் மாதம் பிபிசி வானொலி போலந்து யூதர்கள் கொல்லப்படுவதை அறிவித்தது. உலகத்துக்குத் தெரிந்துவிட்டது, இனி ஏதாவது நடக்கும் என்று ரிங்கல்புளூம் நம்பினார். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த மாதமே, ஜூலை 22 அன்று, ரயில்கள் கிளம்பின. செப்டம்பர் 21 வரை சுமார் 2,65,000 பேர் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். குழுவைச் சேர்ந்த பலரும் அதில் போனார்கள். லெவினின் மனைவியும் அப்படித்தான் பிடிபட்டார்.

ஆகஸ்ட் 3 அன்று, ஆசிரியர் இஸ்ரயேல் லிக்டன்ஷ்டைன் தன் பழைய மாணவர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து, பத்து தகரப் பெட்டிகளை நோவோலிப்கி தெரு 68-ம் எண் பள்ளியின் நிலவறையில் புதைத்தார். மாணவர்களில் ஒருவருக்கு 19 வயது, இன்னொருவருக்கு 18. மூன்று பேரும் தங்கள் உயிலையும் அதற்குள் வைத்தார்கள். 1943 பிப்ரவரியில் அதே இடத்தில் இரண்டு பால் கேன்கள் புதைந்தன. ஏப்ரலில் வேறோர் இடத்தில் மூன்றாவது தொகுதி.

கடைசி வரை பேனா

1943 தொடக்கத்தில் ரிங்கல்புளூம் குடும்பத்தோடு சுவருக்கு வெளியே ஒளிந்தார். ஆனால் ஏப்ரலில் மறுபடி கெட்டோவுக்குள் போனார். மறுநாளே, 19-ம் தேதி, ஆயுதமேந்திய கிளர்ச்சி வெடித்தது. பிடிபட்டு ட்ராவ்னிகி உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். சில மாதங்களில் ஒரு போலந்து ரயில்வே தொழிலாளியும் ஒரு யூதப் பெண்ணும் அவரை அங்கிருந்து ரகசியமாக மீட்டு வந்தார்கள்.

பிறகு வார்சாவில் ஒரு செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகைக்கு அடியில் தோண்டிய பதுங்குகுழி. இடத்தின் சொந்தக்காரர் மியெசிஸ்லாவ் வோல்ஸ்கி என்ற போலந்துக்காரர். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தச் சின்னக் குழியில் மாதக்கணக்கில் மறைந்திருந்தார்கள். அங்கேயும் அவர் எழுதினார். போரில் போலந்துக்காரர்களும் யூதர்களும் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஒரு முழு ஆய்வு. காட்டிக்கொடுத்தவர்களும் அதில் உண்டு, உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியவர்களும் உண்டு.

1944 மார்ச் 7 அன்று பதுங்குகுழி பிடிபட்டது. எல்லோரும் பாவியாக் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே கைவினை வேலை செய்த கைதிகள் அவரைத் தங்களோடு சேர்த்து மறைக்கப் பார்த்தார்கள் என்று, உயிர் தப்பிய ஒருவர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். என் மனைவியும் மகனும் என்ன ஆவார்கள் என்று கேட்ட ரிங்கல்புளூம், அவர்களை விட்டுத் தான் மட்டும் தப்ப மறுத்துவிட்டாராம். சில நாட்களில் மூன்று பேரும் கொல்லப்பட்டார்கள். இடம் கொடுத்த வோல்ஸ்கியும் கொல்லப்பட்டார். ரிங்கல்புளூமுக்கு அப்போது வயது 43.

இடிபாடுகளுக்கு அடியில்

குழுவில் போருக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் மூன்றே பேர்: ஹெர்ஷ் வாசர், அவர் மனைவி புளூமா, ரேச்சல் அவுர்பாக். தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அவுர்பாக் விடாமல் வற்புறுத்தினார். கெட்டோ இருந்த இடத்தில் தெருவே இல்லை, செங்கல் குவியல்தான். இடம் வாசருக்குத் தெரிந்திருந்தது.

1946 செப்டம்பர் 18 அன்று தகரப் பெட்டிகள் கிடைத்தன. சரியாக மூடி ஒட்டாததால் தண்ணீர் புகுந்து பல காகிதங்கள் ஊறிப்போயிருந்தன. ஒவ்வொரு தாளாகப் பிரித்து உலர்த்தினார்கள். 1950 டிசம்பரில், அதே பகுதியில் கட்டட வேலை செய்தவர்களின் கையில் பால் கேன்கள் சிக்கின. மூன்றாவது தொகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.

மொத்தம் சுமார் 35,000 பக்கங்கள். வார்சாவில் உள்ள யூத வரலாற்று நிறுவனத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன. 1999-ல் யுனெஸ்கோ இந்தக் காப்பகத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இது ஏன் இன்றைக்கும் முக்கியம்?

நாஜிகள் வைத்திருந்த ரயில் பட்டியலில் ஒரு மனுஷன் ஒரு எண்ணாக மட்டும்தான் வருவான். அதே மனுஷன் இந்தக் காகிதங்களில் சூப்பில் உப்பு இல்லை என்று திட்டுகிறான், பிள்ளையின் பரீட்சைக்குக் கவலைப்படுகிறான், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போடுகிறான், கடன் வாங்குகிறான். கொல்லப்பட்டது எண்கள் இல்லை, ஆட்கள் என்பது அங்கேதான் தெரிகிறது.

அடக்குமுறை நடக்கும் எந்த இடத்திலும் முதலில் காணாமல் போவது இந்த மாதிரிச் சின்னச் சின்ன விவரங்கள்தான். அவற்றை எழுதிவைக்கப் பெரிய படிப்பு தேவையில்லை என்பதற்கு ஒரு தபால்காரரும், கஞ்சிக்கூடம் நடத்திய ஒரு பெண்ணும், குழி தோண்டிய இரண்டு இளைஞர்களும் சாட்சி. அவர்கள் எழுதியதை யார் படிப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் எழுதினார்கள், பத்திரமாக மூடி மண்ணுக்குள் வைத்தார்கள்.